மூன்று பெரம்பூர் கேசட்டுகள்

ஜூன் 3

பிரஷரைத் தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். முன்பக்கங்கள் வீணாகப் போவானேன் என்று நடப்பதை எழுதத் தொடங்குகிறேன். இவர் டைரி எழுதி யாருக்கு ஆகப்போகிறது என்று என் மனைவி ஜெனோவா கேட்பாள். முப்பது வருஷமாக அவள் என்னிடம் கேட்காத கேள்வியா?

எழுதித்தான் ஆக வேண்டிய நாள் இது. 'இடிதாங்கி' அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ரெக்ஸ் மச்சாதுவைத் தேடி, தமிழில் ராக் எல்லாம் எடுபடாது என்று சொன்னவர்கள் வாயை அடைத்த இடிதாங்கியிலிருந்து போன்! பேசியவர் பிரசன்னா என்று ஒருவர், குழுவின் பாடகர் ரகோவின் மேனேஜர். குழு தொடங்கி முப்பத்தைந்து வருஷம் ஆகப்போகிறதாம். யாரும் கேட்டிராத ஆரம்பகாலப் பதிவுகளை எல்லாம் சேர்த்து ஒரே தொகுப்புப் பெட்டியாக வெளியிடுகிறார்களாம். "பெரம்பூர் கேசட்டுங்க உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டோம் சார்" என்றார்.

விஷயம் தெரிந்து பேசுகிறவரிடம் பேசுவதே தனிச் சுகம். முதல் ஆல்பம் வருவதற்கு முன், பெரம்பூரில் ஒரு ஹாலில் இவர்கள் ஒத்திகை பார்த்ததை மைக்செட்காரர் ஒருவர் மூன்று கேசட்டில் பிடித்து வைத்தார். அவர் காலமான பிறகு ஒன்று கோயம்புத்தூர் ஹமீதிடமும், ஒன்று புதுச்சேரி அந்தோணியிடமும், ஒன்று என்னிடமும் வந்து சேர்ந்தது. எங்கள் மூவருக்கும் இரண்டு ஒப்பந்தம் உண்டு. ஒன்று, பிரதி எடுக்கக் கூடாது. பிரதி எடுத்த நாளிலேயே அசல் செத்துவிடும். இரண்டு, யாரிடம் எது இருக்கிறது என்று வெளியாளிடம் சொல்லக் கூடாது.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கோயம்புத்தூர் உக்கடத்தில் கைக்கடிகாரக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்றும், புதுச்சேரியில் மொட்டை மாடி அறை நிறையக் கேசட் வைத்திருக்கும் ஒருவர் என்றும் மட்டும் சொன்னேன். பெயர் சொல்வது வேறு, இது வேறு.

ஜூன் 6

கேசட்டுப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினேன். கடற்காற்றுள்ள ஊரில் இது தீராத வேலை. பெரம்பூர் கேசட்டை மட்டும் தனியாகப் பீரோவில் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை, பனிமய மாதா திருவிழா அன்றுதான் அதைப் போடுவேன். ஓட ஓட நாடா தேயும். ஹமீதும் அந்தோணியும் வந்துவிடுவார்கள், அந்த ஒரு தடவை உட்கார்ந்து கேட்போம்.

மதியம் கெசியா பேசினாள். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இந்தக் கேசட்டில் பாடும் செல்வினின் மகள். செல்வின்தான் இடிதாங்கியின் முதல் பாடகன். ஆல்பம் வரும் முன்பே பைக் விபத்தில் போய்விட்டான். கெசியா அப்போது பிறக்கவேயில்லை. அவன் குரல் இந்த மூன்று கேசட்டுகளைத் தவிர வேறெங்கும் இல்லை. கல்யாண வீடியோ கூட எடுத்துக்கொள்ளாத காலம்.

"ஒரு காப்பி மட்டும் அங்கிள். போன்ல பிடிச்சு அனுப்பினாக்கூட போதும்" என்றாள்.

ஒப்பந்தத்தை விளக்கினேன். திருவிழாவுக்கு நேரில் வந்தால் கேட்கலாம், போனை வெளியே வைத்துவிட வேண்டும் என்றேன். லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். நல்ல பெண்.

ஜூன் 14

ரகோவே பேசினார்! பிரசன்னா போனைக் கொடுத்ததும் அந்தக் குரல்.

என் கேசட்டில் என்னென்ன பாட்டு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். 'சிவப்பு சிக்னல்' இருக்கிறது என்றதும், "அப்பவேவா?" என்றார். அந்தப் பாட்டுதானே அவரை உலகத்துக்கே காட்டியது. எழுதி இசையமைத்துப் பாடியவர் ரகோ என்று எல்லா உறையிலும் போட்டிருக்கும். எனக்குத் தெரிந்ததை அவரும் ரசிக்கட்டும் என்று, பாட்டுக்கு முன்னால் செல்வின் பேசுவதைச் சொன்னேன். "இது நேத்துதான் எழுதுனேன். ரகோவுக்கு இன்னும் சொல்லித் தரல, அதனால அவன் சும்மா நிப்பான், மன்னிச்சுக்குங்க" என்று செல்வின் சொல்ல, சுற்றியிருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

"உங்களைக் கிண்டல் பண்ணுதாரு சார்" என்றேன்.

ரகோ சிரித்தார். நெடுநேரம் சிரித்தார். பிறகு, "இதை வேற யார் யாரு கேட்டிருக்காங்க ரெக்ஸ் சார்?" என்றார். எவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு ஆர்வம்! நாங்கள் மூன்று பேர்தான் என்றேன்.

ஜூன் 15

பிரஷர் கூடியிருக்கிறது. கருவாட்டை நிறுத்தச் சொல்கிறாள் ஜெனோவா. அதற்குப் பதில் செத்தே போகலாம்.

ஜூன் 25

ஹமீது போன் செய்தான், ஒரே கூப்பாடு. கடைக்கு ஒரு வக்கீலும் தடியன்கள் இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள். குழுவின் சொத்தைத் திருட்டுத்தனமாக வைத்திருப்பதாக ஒரு தாளை நீட்டினார்களாம். வாடிக்கையாளர்கள் முன்னால் மானம் போகிறதே என்று கேசட்டை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

"கடைல இருக்குன்னு அவனுகளுக்கு எப்புடிப்பா தெரிஞ்சுது? உள்ள வந்ததும் நேரா, கடிகாரக்காரரே, கேசட்ட எடுங்கன்னுட்டான்."

இப்போதெல்லாம் இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கிறது என்றேன். ஹமீதுக்கும் வாய் சும்மா இருக்காது, யாரிடமாவது உளறியிருப்பான். சாயங்காலம் ஜன்னல் கொக்கியைச் சரி செய்தேன். காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூலை 3

அந்தோணியின் மொட்டை மாடி அறை எரிந்துவிட்டது. அவன் கேசட்டைத் தர முடியாது என்று, கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறான். அது போன வாரம். முந்தாநாள் எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் தீ. திரும்பி வந்து பார்த்தவன் பெட்டிகளை எடுக்க உள்ளே ஓடியிருக்கிறான். ஒரு கேசட்டும் மிஞ்சவில்லை. இரண்டு கையும் வெந்துவிட்டன, ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

பழைய வீடு. வயரிங் பழசு. போன வருஷம் நானே சொன்னேன், சுவிட்சில் பொறி வருகிறது, மாற்று என்று.

அவன் மனைவியிடம் பேசலாம் என்று போன் செய்தேன். "ரெக்ஸ் அண்ணே, மாடி ரூம்புன்னு வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். மாடியில் அறை இருந்தால் தெருவில் போகிற யாருக்கும்தான் தெரியும்.

ஜூலை 4

சாப்பிடும்போது ஜெனோவா தொடங்கினாள்.

"ஏங்க, அந்தப் புள்ளைக்கு ஒண்ணு பதிஞ்சு அனுப்பிருங்களேன். எனக்கு என்னமோ சரியாப் படல."

"ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு."

"யாரு கூட? ஒருத்தன்கிட்ட புடுங்கிட்டுப் போயிட்டான். இன்னொருத்தன் கை வெந்து கெடக்கான். இன்னும் என்ன ஒப்பந்தம்?"

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இவளுக்குப் புரியாது. ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நண்பர்களை நினைத்து வருத்தம்தான். ஆனால் பீரோவைத் திறந்து பார்த்தபோது, இப்போது வெளி உலகத்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்ற நினைப்பு வந்தது. நெஞ்சு நிறைந்துதான் போயிற்று.

ஜூலை 11

தெரு முனையில் வெள்ளைக் கார் ஒன்று நேற்றிலிருந்து நிற்கிறது. உள்ளே இரண்டு பேர். எதிர்வீட்டு லூசியாவிடம், கேசட் சார் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். எந்த நேரம் வீட்டில் ஆள் இருக்காது என்றும் கேட்டார்களாம். அவள் பாவம், ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போவாவ என்று சொல்லியிருக்கிறாள்.

பயமாக இருக்கிறது. கேசட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஜெனோவா மட்டும் போகட்டும், எனக்கு முழங்கால் வலி.

ஜூலை 13

பிரசன்னாவுக்குப் போன் செய்து காரைப் பற்றிக் கேட்டேன். "ஐயோ சார், அது உங்க பாதுகாப்புக்குத்தான். ரகோ சாரே நேர்ல வர்றாரு உங்களைப் பார்க்க" என்றார். நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். ஜெனோவாவிடம் சொன்னேன். "நமக்கு எதுக்குங்க பாதுகாப்பு?" என்றாள்.

ஜூலை 19

ரகோ என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெனோவா பாரை மீன் பொரித்து வைத்தாள், இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிரசன்னா கேமராவோடு வந்திருந்தார். கேசட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "இது அசல். முப்பது வருஷமா என் கையில இருக்கு. இடிதாங்கியோட முதல் 'சிவப்பு சிக்னல்' இதுதான், நான் சாட்சி" என்றேன். ஒரே தடவையில் சரியாக வந்துவிட்டது என்று பாராட்டினார்.

திருவிழாவுக்கு முன்னால் கேசட்டைப் போட்டதே கிடையாது. அவருக்காகப் போட்டேன். செல்வின் பேசும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை கேட்டார். பாட்டு ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் ரயில் ஒன்று ஹாலைக் கடந்து போகும், அதையும் கேட்டார். முடிந்ததும், "இவ்ளோ நல்லாவா பாடுனான்?" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்தில் அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. உடனே சிரித்துவிட்டார்.

"வேற காப்பி எதுவும் இல்லையே?"

"மாதா சத்தியமா கெடையாது சார். ஒரு பய கிட்டயும் கெடையாது." எவ்வளவு பெருமையோடு சொன்னேன்.

பெட்டிக்குச் சுத்தப்படுத்திச் சேர்க்க அசல்தான் வேண்டுமாம். சென்னையில் ஸ்டுடியோவில் வேலை முடிந்ததும் அவர்களே பத்திரமாக அனுப்பிவிடுவார்களாம். பெட்டியோடு வரும் புத்தகத்தில் என் பெயர் தனிப் பக்கத்தில் வரும்.

ஜெனோவா சமையலறை வாசலில் நின்றாள். "தம்பி, செல்வினோட மக திருவிழாவுக்கு வாரா. அப்பா குரல ஒரு தடவைகூட கேட்டதில்லையாம். அதுக்குள்ள அனுப்பிருவீயளா?"

ரகோ தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "செல்வினுக்கு மகளா?" என்றார். பிரசன்னாவைப் பார்த்தார். பிறகு ஜெனோவாவின் கையைப் பிடித்து, "கண்டிப்பாம்மா" என்றார்.

கொடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். ஜெனோவா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜூலை 26

கோவிலில் கொடி ஏறியது. நல்ல கூட்டம். பிரசன்னா போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும்.

ஜூலை 28

எடுக்கவில்லை.

ஜூலை 31

கேசட் வந்துவிட்டது! கூரியர் பையனுக்குக் காபி கொடுத்தேன். என் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய அதே உறை, அதே கேசட். உள்ளே ரகோ கையெழுத்துப் போட்ட படம். "பாத்தியா? நீயும் உன் சந்தேகமும்" என்று ஜெனோவாவிடம் சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்று எடுத்து

ஆகஸ்ட் 1

நேற்று எழுத முடியவில்லை.

கேசட்டில் ஒன்றும் இல்லை. வெறும் இரைச்சல். இரண்டு பக்கமும் கடைசி வரை ஓட்டினேன். டேப் டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஓட்டினேன். வேறு கேசட்டைப் போட்டால் பாடுகிறது. இதில் இல்லை.

கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னப் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் எதையும் பதிய முடியாது. வந்த அன்றே இரண்டு பல்லையும் உடைத்தவன் நான். அந்த ஓட்டைகளை அடைத்தால் மறுபடியும் பதியலாம், அழிக்கலாம். இரண்டு ஓட்டையின் மேலும் செல்லோடேப் துண்டு ஒட்டியிருக்கிறது. அதை எடுக்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அல்லது நான் பார்க்கட்டும் என்றே விட்டிருக்கலாம்.

பிரசன்னா கடைசியில் போனை எடுத்தார். "பழைய டேப் சார், காலப்போக்குல அழிஞ்சுபோகும். எங்ககிட்ட வரும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். என் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் கேட்டீர்களே என்றேன். "நான் ஒண்ணும் கேட்கலையே சார்" என்றார். குரலில் கோபமே இல்லை. "உங்க மிஸஸ் தனியாத்தான் பூசைக்குப் போறாங்க இல்ல? நல்லபடியா இருங்க" என்று வைத்தார்.

ஜெனோவாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2

வர வேண்டாம் என்று சொல்லக் கெசியாவைக் கூப்பிட்டேன். அவள் முந்திக்கொண்டாள். "டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சு அங்கிள்! என் குரல் அப்பா குரல் மாதிரியே இருக்குன்னு அம்மா சொல்லிட்டே இருப்பாங்க. அது நிஜமான்னு இப்பத்தான் தெரியப்போகுது."

மழைக்கு வாய்ப்பிருக்கிறது, குடை கொண்டுவா என்று சொல்லி வைத்தேன். தூத்துக்குடியில் ஆகஸ்டில் ஏது மழை.

ஆகஸ்ட் 3

பெட்டியின் விளம்பரம் வெளியாகியிருக்கிறது. ஜெனோவாதான் போனைக் கொண்டுவந்து காட்டினாள். கேசட்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். "இது அசல், நான் சாட்சி" என்கிறேன். உடனே 'சிவப்பு சிக்னல்' தொடங்குகிறது. என் கேசட்டிலிருந்த அதே கிதார், அதே டிரம். இரண்டாம் சரணத்தில் அதே ரயில் போகிறது. பாடுவது ரகோ. முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய ரகோ போல, இளமையாக, கொஞ்சம் கரகரப்பாக. செல்வினை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவரை உட்கார வைத்திருக்கிறார்கள். சாட்சி நான்.

"இது அந்தப் பையன் குரல் இல்லியே" என்றாள் ஜெனோவா. அவளும்தானே வருஷா வருஷம் சமையலறையிலிருந்து காதில் வாங்குகிறாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். உக்கடத்துக் கடையையும் மாடி அறையையும்கூடச் சொன்னேன். அவள் கத்தவில்லை. அழுதாள். "அந்தோணி அண்ணன் கை" என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதாள்.

வெள்ளைக் கார் மறுபடியும் முனையில் நிற்கிறது.

ஆகஸ்ட் 5

தேர் நிலைக்கு வரும் நேரத்தில் கெசியா வந்தாள். ஹமீதும் வரவில்லை, அந்தோணியும் வரவில்லை. உள்ளே நுழைந்ததும் போனை அணைத்துப் பையில் போட்டு, பையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். நான் சொன்ன விதியாம்.

"உங்க வீடியோவ ட்ரெயின்ல பார்த்தேன் அங்கிள். அதுல அப்பா எங்க வர்றாருன்னு தெரியல. கூடப் பாடுறாரா?"

உட்காரச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டெக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். போலீசுக்குப் போகலாம், நான் எங்கே வேண்டுமானாலும் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். வெளியே கார் நிற்பதையும் சொன்னேன். அவள் திட்டியிருக்கலாம். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"குரல் எப்படி இருக்கும் அங்கிள்?" என்றாள்.

நாடாவின் நீளம் தெரியும். எந்த இடத்தில் நாடா கசங்கியிருக்கும் என்று தெரியும். ரயில் எந்த வரியில் வரும் என்று தெரியும். இதையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "குரல் அங்கிள்" என்றாள் மறுபடியும். நன்றாக இருக்கும் என்றேன். இவள் குரல் போலவா என்று யோசித்துப் பார்த்தேன். தேய்ந்துவிடும் என்று வருஷத்துக்கு ஒரு முறை கேட்டதுதான், அப்போதும் நாடா சரியாக ஓடுகிறதா என்றுதான் கவனித்திருக்கிறேன். ரகோவின் குரல் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. தேடத் தேட அவர் குரல்தான் வந்தது. எனக்கு ஞாபகம் இல்லை என்று சொன்னேன். ஜெனோவா அவள் தலையைத் தடவிக்கொண்டு நின்றாள்.

கெசியா கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைப் போடுங்க."

"ஒண்ணுமில்லம்மா இதுல. வெறும் இரைச்சல்."

"அப்பா பாடும்போதும் இந்த இரைச்சல் பின்னாடி இருக்குமா?"

"இருக்கும்."

போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். தேர்ப் பட்டாசு வெடித்தபோதும் திறக்கவில்லை. நாடா தீர்ந்து டெக் தானாக நிற்கும் வரை அப்படியே இருந்தாள். பிறகு மறுபக்கத்தையும் போடச் சொன்னாள். போட்டேன்.